வயிற்றைக் கிழிக்காமல் சீழ் எடுக்கலாம்

"கல்லீரலில் சீழ் கட்டியிருக்கிறது, விலாப்பக்கம் சிறு துளையிட்டுக் குழாய் வைக்கப் போகிறோம்" என்று சொன்னதும் உறவினர் முகத்தில் சந்தேகம் தெரியும். "ஆபரேஷன் செய்து ஒரேயடியாகச் சுத்தம் பண்ணிவிடக் கூடாதா, டாக்டர்?" ஸ்கேன் அறையில் நான் அடிக்கடி கேட்கும் கேள்வி இது.

முன்பு அதுதான் வழி. அல்ட்ராசவுண்டும் சி.டி. ஸ்கேனும் வந்தபின் நிலைமை மாறியது. கெர்சாஃப் என்ற அமெரிக்க மருத்துவரும் அவர் குழுவினரும் தங்களது ஐந்தாண்டு அனுபவத்தை 1981-ல் வெளியிட்டார்கள். இன்று பெரும்பாலான வயிற்றுச் சீழ்க்கட்டிகளுக்குக் குழாய்தான் முதல் சிகிச்சை. குடலில் ஓட்டை விழுந்தோ, கட்டி உடைந்து வயிறெங்கும் சீழ் பரவியோ இருந்தால் மட்டும் கத்தியைத் தவிர்ப்பது கடினம்.

நம் நாட்டில் கல்லீரல் சீழ்க்கட்டிக்கு முக்கிய காரணம் அமீபா. அசுத்தமான தண்ணீரிலும் உணவிலும் குடலுக்குள் போய், அங்கிருந்து ரத்தத்தோடு கல்லீரலைச் சேர்கிறது. கட்டி சிறிதானால் மெட்ரோனிடசோல் மருந்தே போதும். பெரிதாகி உடையும் நிலையில் இருந்தாலோ, மருந்து கொடுத்துச் சில நாளாகியும் காய்ச்சல் இறங்காவிட்டாலோ தாமதிக்கக் கூடாது. கல்லீரலின் இடப்பக்கக் கட்டி இருதய உறைக்குள் உடைந்தால் உயிருக்கே ஆபத்து.

முதலில் ரத்தம் சரியாக உறைகிறதா என்று சோதிப்போம். பிறகு தோலை மட்டும் மரத்துப்போகச் செய்து, திரையில் பார்த்தபடியே ஊசியைக் கட்டிக்குள் செலுத்துவோம். ஊசி வழியே மெல்லிய கம்பி போகும். ஊசியை உருவிவிட்டுக் கம்பியின் மேலாகக் குழாயை நுழைப்போம். ஸ்வீடன் மருத்துவர் செல்டிங்கர் ரத்தக்குழாய்களுக்காக 1953-ல் எழுதிய உத்திதான் இது. கம்பியை எடுத்ததும் குழாயின் நுனி பன்றிவால் போலச் சுருண்டுகொள்ளும், எளிதில் நழுவாது. பருமன் சுமார் 4 மில்லிமீட்டர். நோயாளி விழித்தே இருப்பார், நம்மோடு பேசவும் செய்வார்.

சிக்கல் வருவது அதற்குப் பிறகுதான். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும், "எடுத்துவிடுங்கள், வீட்டுக்குப் போகிறோம்" என்பார்கள். முன்கூட்டியே எடுத்தால் சீழ் மறுபடி கட்டக்கூடும். வடிவது திடீரென்று நின்றால் குணமாகிவிட்டது என்று மகிழ வேண்டாம், குழாய் அடைத்திருக்கலாம். அதனால்தான் நர்ஸ் உப்புநீர் விட்டு அலசுகிறார். பை எப்போதும் துளைக்குக் கீழேயே தொங்கட்டும். ஒரு நாளில் வடிவது 10, 20 மில்லிக்குக் கீழே வந்து, ஸ்கேனிலும் கட்டி வற்றியிருந்தால் நாங்களே எடுத்துவிடுவோம்.

அமீபா கட்டியென்றால், குழாய் எடுத்தபின் குடலில் மிச்சமிருக்கும் அமீபாவுக்கென்று டைலோக்சனைடு போன்ற தனி மாத்திரை எழுதித் தருவார்கள். உடம்பு தேறிவிட்டதே என்று பலர் அந்தச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிடுகிறார்கள். கேட்டு வாங்கி, முழுதாகச் சாப்பிடுங்கள்.