ஔகாரக் குறியும் ளகரமும்: உரைத்தொகுப்பிக்கு ஆணை எழுதும் முறை

1. சிக்கல்

தெற்கு அந்தமானில் சௌல்தாரி என்னும் ஊர் உள்ளது. இப்பெயரின் முதலெழுத்து, சகரத்தோடு ஔகாரம் சேர்ந்த உயிர்மெய்யாகும். ஔகாரக் குறியின் வலப்பகுதி ளகரத்தை ஒத்த வடிவுடையது. ஆதலின் தட்டச்சிடுவோர் சிலர் எகரக் குறியை இட்டு, அதன்பின் ளகரத்தையே இட்டுவிடுகின்றனர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணிப்பொறிக்கோ இரு வேறு சொற்கள். விளைவாக, ஊர்ப்பெயரடைவில் ஓரூர் ஈரூராகும், சொல்லெண்ணிக்கை பிழைபடும், மொழிபெயர்ப்பாளரின் தேடலில் சில இடங்கள் விடுபடும்.

2. கருவி

ஈமேக்ஸ் என்னும் உரைத்தொகுப்பி 1976-இல் மாசாச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தோன்றியது. ரிச்சர்டு ஸ்டால்மன் 1985-இல் வெளியிட்ட க்னூ ஈமேக்ஸ் இன்றும் பரவலாக வழங்குகிறது. 1997-இல் வந்த இதன் 20-ஆம் பதிப்பு பல்வேறு வரிவடிவங்களைக் கையாளும் திறன் பெற்றது. பயன்படுத்துவோர் லிஸ்ப் மொழியில் தாமே ஆணை எழுதிச் சேர்க்கலாம் என்பது இதன் சிறப்பு. ஆணைக்குப் பெயர், விளக்கம், நேரே அழைக்கத்தக்கது என்னும் அறிவிப்பு, செயற்பகுதி முதலிய உறுப்புகள் உண்டு.

3. விதி

யூனிகோடில் ஔகாரத்தை ஒரே குறியாகவும், எகரக் குறியும் ஔகார நீட்டற்குறியுமாகவும் எழுதலாம். இவை நிகரானவை, இவற்றை ஒன்றாக்கும் ஆணை ஈமேக்ஸிலேயே உள்ளது. ளகரம் இடுவது பிழை. அதனைத் திருத்தவே புதிய ஆணை வேண்டும்.

எகரக் குறியை அடுத்த ளகரம் அனைத்தையும் மாற்றினால் 'வெளி', 'தெள்ளிய' முதலிய சொற்கள் சிதையும். இவற்றில் ளகரத்தின்பின் உயிர்க்குறியோ புள்ளியோ வருகிறது. எனவே, இவ்விரண்டும் பின்வராத ளகரத்தை மட்டும் மாற்றுக என விதிக்கலாம். எழுத்து வழக்கிற்கு இது பெரும்பாலும் போதும்.

பேச்சு வழக்குப் பதிவுகளில் இவ்விதி தவறும். 'வெளக்கு' (விளக்கு), 'வெளம்பரம்' (விளம்பரம்) ஆகியவற்றில் உள்ளது உண்மையான ளகரம். விதி அதனையும் ஔகாரமாக்கும். அச்சில் வேறுபாடு தோன்றாமையால், களத்தரவு சிதைந்ததை எவரும் அறியார்.

4. தீர்வு

ஆதலின் ஆணையை இரு படிகளாக அமைத்தல் நன்று. சௌல்தாரி, கௌரவம் போன்ற ஐயமற்ற சொற்களின் பட்டியலை முதற்படி வினவாமல் திருத்தும். 'சௌல்தாரியில்' என வேற்றுமை உருபேற்ற வடிவங்களும் அடங்குமாறு, சொல்முதலை மட்டும் பொருத்துதல் வேண்டும். ஏனைய இடங்களில் இரண்டாம்படி ஒவ்வொன்றாக நின்று வினவும். இதற்கு ஈமேக்ஸின் வினவி மாற்றும் வசதியையே அழைத்துக்கொள்ளலாம்.

ஆணையின் லிஸ்ப் வரிகள் சிலவே. எந்த ளகரம் உண்மையானது என வரையறுக்கும் நிபந்தனையே அதன் உயிர். அதனை வகுத்தல் மொழியறிந்தார் கடமையாகும்.