ஒன்பது மாதம் என்றால் எத்தனை மாதம்?

அமெரிக்கப் படைகளில் வெளிநாட்டுப் பணிக்கு ஒரே கால அளவு கிடையாது. எந்தப் படை, என்ன வேலை, எந்த ஆண்டு என்பதைப் பொறுத்து அது இரண்டரை மாதமாகவும் இருந்திருக்கிறது, பதினைந்து மாதமாகவும் இருந்திருக்கிறது. இப்போது தரைப்படைப் பிரிவு ஒன்று போலந்துக்கோ குவைத்துக்கோ தென்கொரியாவுக்கோ சுழற்சி முறையில் போனால் சுமார் 9 மாதம். கடற்படைக் கப்பல்களுக்கும் மரீன் படைக்கும் 6 அல்லது 7 மாதம். விமானப்படையில் 4 முதல் 6 மாதம். அணு ஏவுகணை தாங்கிய நீர்மூழ்கிகள் ஏறத்தாழ இரண்டரை மாதம் கடலில் இருந்துவிட்டுத் திரும்பும். ஒவ்வொரு கப்பலுக்கும் ‘நீலம்’, ‘தங்கம்’ என்று இரண்டு குழுக்கள் உண்டு, ஒன்று இறங்க மற்றொன்று ஏறும். சிறப்புப் படையினர் போய்வரும் காலம் குறைவு, போகும் தடவைதான் அதிகம்.

ஜெர்மனியிலோ ஜப்பானிலோ உள்ள அமெரிக்கத் தளத்துக்கு மாற்றலாகிப் போவது வேறு கணக்கு. அங்கே பெரும்பாலும் மூன்று ஆண்டு. மனைவி மக்களும் கூடவே போவார்கள், பிள்ளைகள் தளத்துப் பள்ளியில் படிப்பார்கள். குடும்பம் வீட்டில் இருக்க, வீரர் மட்டும் தன் பிரிவோடு கிளம்புவதைத்தான் ‘டிப்ளாய்மென்ட்’ என்கிறார்கள். நம் ராணுவக் குடும்பங்கள் ‘ஃபேமிலி ஸ்டேஷன்’, ‘ஃபீல்டு’ என்று பிரித்துப் பேசுவதும் ஏறக்குறைய இதே பாகுபாடுதான்.

கெடு என்று ஒன்று இருப்பதே பிற்கால ஏற்பாடு. இரண்டாம் உலகப் போரில் சேர்ந்தவர்களுக்குப் பணிக்காலம் போர் முடியும்வரை, அதற்கு மேல் ஆறு மாதம். வியட்நாமில் ஆளுக்கு ஆள் கெடு வந்தது. தரைப்படையினருக்கு 12 மாதம், மரீன்களுக்கு 13. திரும்பும் தேதி ஏறும்போதே தெரியும். ஆனால் ஒவ்வொருவரும் தனியாகப் போய்த் தனியாகத் திரும்பினார்கள். ஊரில் காத்திருந்த மனைவிக்கும் துணைக்கு ஆளில்லை. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் பிரிவு முழுவதும் ஒன்றாகப் போய் ஒன்றாகத் திரும்பும் முறையைப் பின்பற்றினார்கள். குடும்பங்கள் ஒன்றுக்கொன்று ஆதரவாயின. அதே சமயம், ஒரே ஆணையில் ஆயிரக்கணக்கானவர்களின் தேதி மாறவும் செய்தது.

அந்த இரு போர்களின் காலத்தில் தரைப்படையின் கெடு பலமுறை மாறியது. ஈராக்கில் தொடக்கத்தில் 12 மாதம். 2007 ஏப்ரலில் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ் அதை 15 ஆக்கினார். போய்வந்த பிரிவு வீட்டில் 12 மாதமாவது இருக்கும் என்ற உறுதியும் அத்துடன் சேர்ந்து வந்தது. கடைசி நேரத்தில் நீட்டிப்பு வருவதைவிட, நீளமானாலும் நிச்சயமான கெடு மேல் என்பது அவர் வாதம். 2008 ஆகஸ்டுக்குப் பிறகு கிளம்பியவர்களுக்கு மறுபடி 12. 2012 ஜனவரி முதல் 9. ஒன்பது மாதமானது குடும்பங்களுக்கு முழு லாபமாகவும் அமையவில்லை. ஆண்டுக்கணக்கில் போனவர்களுக்கு நடுவில் கிடைத்துவந்த இரண்டு வார விடுப்பு அத்தோடு நின்றது.

கேட்ஸ் சொன்னதில் பொருள் இல்லாமல் இல்லை. மாதக் கணக்கைவிட, சொன்ன தேதி தள்ளிப்போவதுதான் குடும்பத்தைக் கூடுதலாக உலுக்குகிறது. அலாஸ்காவைச் சேர்ந்த 172ஆம் ஸ்ட்ரைக்கர் படைப்பிரிவு ஈராக்கில் ஓராண்டை முடித்துக்கொண்டிருந்த 2006 ஜூலையில், நான்கு மாதம் வரை நீட்டிப்பு என்று ஆணை வந்தது. அதற்குள் சில நூறு பேர் ஊர் திரும்பியிருந்தார்கள். மனைவியின் கையால் சாப்பிட்டு, பிள்ளைகளோடு படுத்து எழுந்தவர்களில் ஏறத்தாழ 300 பேரைத் திருப்பி ஈராக்குக்கே அனுப்பினார்கள். அடுத்த மாதம் அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் டொனால்ட் ரம்ஸ்ஃபெல்ட் அலாஸ்காவுக்கே போய் அந்தக் குடும்பங்களை நேரில் சந்திக்க வேண்டியிருந்தது.

கடலிலும் இதே கதைதான். ‘ஆபிரகாம் லிங்கன்’ விமானந்தாங்கிக் கப்பல் 2002 ஜூலையில் கிளம்பியது. வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில், 2003 புத்தாண்டு நேரத்தில், திரும்பிப் போகும்படி உத்தரவு. ஈராக் போர் முன்னால் நின்றது. மே மாதம் வாஷிங்டன் மாநிலத்தின் எவரெட் துறைமுகத்தை அது தொட்டபோது 290 நாள் ஆகியிருந்தது. 2023 அக்டோபரில் புறப்பட்ட ‘ஐசனோவர்’ செங்கடலில் இரண்டு முறை நீட்டிப்பு வாங்கி, ஒன்பது மாதம் கழித்து நார்ஃபோக் திரும்பியது. உலகில் எங்கே நெருப்புப் பற்றினாலும் முதலில் நகர்த்தப்படுவது விமானந்தாங்கிதான். அதில் வேலை செய்பவரின் வீட்டில் காலண்டரில் ஒரு தேதியை வட்டமிடுவதைவிட ஒரு பருவத்தைக் குறித்துவைப்பதே புத்திசாலித்தனம்.

நீட்டிப்பே வராவிட்டாலும் 9 மாதம் 9 மாதத்தோடு முடிவதில்லை. தரைப்படைப் பிரிவு கிளம்புவதற்கு முந்தைய மாதங்களில் கலிபோர்னியாப் பாலைவனத்தின் ஃபோர்ட் இர்வினிலோ லூசியானாவிலோ உள்ள பயிற்சி மையத்தில் சுமார் ஒரு மாதம் கழியும். சொந்த முகாமிலேயே நடக்கும் பயிற்சிகள் வேறு இரவு பகலாக இழுக்கும். கப்பலென்றால் புறப்பாட்டுக்கு முன்பே சில வாரம் கடலில், சில வாரம் கரையில் என்று மாதக்கணக்கில் ஒத்திகை. அரசுக் கணக்கில் இந்த நாட்களெல்லாம் ‘வீட்டில் இருந்த’ நாட்கள். குழந்தையின் கணக்கில் அப்பா அப்போதே போய்விட்டார்.

புறப்பாட்டுக்கு முன் செய்ய வேண்டிய காகித வேலைகள் நிறைய. மனைவியின் பெயரில் பவர் எழுத வேண்டும். இல்லாவிட்டால் கார் விற்பதும் வாடகை ஒப்பந்தம் போடுவதும் நின்றுவிடும். உயில் எழுதுவதற்கு முகாம்களில் சட்ட அலுவலர்கள் உண்டு, கட்டணமில்லை. படைவீரர் காப்பீட்டின் உச்சத் தொகை 2023 முதல் 5 லட்சம் டாலர். அதில் யார் பெயர் இருக்கிறது என்பதை ஒவ்வொரு முறையும் சரிபார்க்க வேண்டும். மணமாவதற்கு முன் எழுதிய அம்மாவின் பெயர் அப்படியே கிடக்க, பிறகு வீட்டில் பெரும் மனத்தாங்கலாக முடியலாம். ஒற்றைப் பெற்றோரும், கணவன் மனைவி இருவரும் படையில் இருப்பவர்களும் பிள்ளையை யார் பார்ப்பார் என்று எழுத்தில் ஒரு திட்டம் கொடுத்தாக வேண்டும்.

பணத்தைப் பொறுத்தவரை நிலைமை பலர் அஞ்சுவதைவிட நன்று. முப்பது நாளுக்கு மேல் பிரிந்திருந்தால் குடும்பப் பிரிவுப்படி உண்டு. ஆபத்தான பகுதியாக அறிவிக்கப்பட்ட இடத்தில் முழு மாதம் இருந்தால் மேலும் 225 டாலர். போர்ப் பகுதியில் சாதாரண வீரரின் சம்பளத்துக்கு வருமான வரியே கிடையாது. அங்கிருப்பவர்கள் 10,000 டாலர் வரை ஆண்டுக்கு 10 சதவீத வட்டியில் சேமிக்க அரசுத் திட்டமும் இருக்கிறது. ஆனால் திரும்பி வந்ததும் இந்தப் படிகளெல்லாம் நின்றுவிடும். அந்த மாதங்களின் வரவை நம்பிப் புதிய கார்க் கடனில் இறங்கும் குடும்பம் பின்னால் திணறும்.

மனதின் போக்குக்கும் ஓர் ஒழுங்கு இருப்பதைக் கடற்படையினரின் மனைவியரை வைத்து 1987இல் கேத்லீன் வெஸ்டல் லோகன் ஏழு கட்டங்களாக எழுதினார். அதில் பலரையும் வியக்கவைப்பது புறப்படுவதற்கு முந்தைய சில நாட்கள். நெருங்கியிருக்க வேண்டிய அந்த நேரத்தில்தான் உப்புப்பெறாத விஷயத்துக்குச் சண்டை மூளும், பேச்சு குறையும். பிரிவு வலிக்காமலிருக்க மனம் முன்கூட்டியே விலகிக்கொள்வதன் விளைவு அது. கிளம்பிய பின் சில வாரம் தூக்கமின்மை, எதிலும் ஒட்டாத குழப்பம். பிறகு மெல்ல ஒரு நடைமுறை பிடிபடும். கழிவுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டால் யாரை அழைப்பது, வரிக் கணக்கை எப்படித் தாக்கல் செய்வது என்பதெல்லாம் கைவந்துவிடும். எல்லோருக்கும் அப்படிக் கைவருவதில்லை. தரைப்படையினரின் மனைவியர் இரண்டரை லட்சம் பேரின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2010இல் வெளியான ஓர் ஆய்வு, கணவர் நீண்ட காலம் வெளியே இருந்த வீடுகளில் மனச்சோர்வும் பதற்றமும் தூக்கக் கோளாறும் கூடுதலாக இருந்ததைக் காட்டியது. பதினொரு மாதத்தைத் தாண்டியவர்களிடம் அது இன்னும் அதிகம்.

தொடர்பு இன்று எளிது, ஆனால் சீரானதல்ல. முகாம்களில் வீடியோ அழைப்பு கிடைக்கும்; கப்பலில் மின்னஞ்சல் சில நாள் வரும், சில நாள் வராது. முன்பெல்லாம் ஏவுகணை நீர்மூழ்கியில் இருப்பவருக்கு வீட்டிலிருந்து சில பத்துச் சொற்களில் செய்தி அனுப்பலாம், அவரிடமிருந்து பதில் வர வழியில்லை. கெட்ட செய்தி என்றால் அதிகாரிகள் அதையும் நிறுத்திவைப்பார்கள். வீட்டில் மரணமோ கடும் நோயோ நேர்ந்தால் செஞ்சிலுவைச் சங்கம் மூலம் தகவல் போகும். அவர்கள் மருத்துவமனையில் விசாரித்து உறுதி செய்வார்கள், விடுப்பு தருவது தளபதியின் கையில். பெற்றோர், மனைவி, பிள்ளை, உடன்பிறந்தார் என்றால் பெரும்பாலும் கிடைக்கும். பாட்டி தாத்தா என்றால், அவர்கள்தான் வளர்த்தார்கள் என்று காட்டினால் ஒழிய, கடினம்.

திடீரென்று பிரிவு முழுவதிலிருந்தும் தொடர்பு அறுந்துபோனால் குடும்பங்கள் கலங்கும். யாராவது இறந்தாலோ படுகாயமடைந்தாலோ, அந்த வீட்டுக்கு முறைப்படி சொல்லும்வரை இணையத்தையும் தொலைபேசியையும் நிறுத்திவிடுவது வழக்கம். இறப்பைச் சீருடை அணிந்த இருவர் நேரில் வந்துதான் சொல்ல வேண்டும், அதிகாலை 5 மணிக்கும் நள்ளிரவுக்கும் இடையில். இந்த முறை வந்த வரலாறு கசப்பானது. 1965 நவம்பரில் வியட்நாமின் இயா திராங் பள்ளத்தாக்கில் நடந்த சண்டைக்குப் பின், ஃபோர்ட் பென்னிங் பக்கத்துக் குடும்பங்களுக்கு மரணத் தந்திகளை டாக்சி ஓட்டுநர்கள் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அங்கே போரிட்ட படைப்பகுதியின் தளபதி ஹால் மூரின் மனைவி ஜூலியா மூர், இறந்தவர்களின் வீடுகளுக்குத் தாமே போனார், இறுதிச் சடங்குகளில் நின்றார், தந்தி முறையை எதிர்த்துக் குரல் எழுப்பினார். நேரில் சொல்லும் ஏற்பாடு உறுதிப்பட அவர் முயற்சி பெரிய காரணம். தொடர்பு நின்றால் அது தம் வீட்டுச் செய்தியாகத்தான் இருக்கும் என்பதில்லை. பெரும்பாலும் வேறு யாரோ ஒருவருடையது. ஆறுதல் என்று அதைச் சொல்லவும் முடியாது.

குழந்தைகளின் வயதைப் பொறுத்து பாதிப்பு மாறும். ஏழு மாதக் கைக்குழந்தை, ஒன்பது மாதம் கழித்து வரும் தகப்பனைப் புதியவராகவே பார்க்கும், அழும். அதை அவர் மனதில் வைத்துக்கொள்ளக் கூடாது. பள்ளிப் பிள்ளைகளிடம் கோபமும் மதிப்பெண் சரிவும் தெரியும். மூத்த பிள்ளை அப்பாவின் இடத்தைத் தானே எடுத்துக்கொண்டு வீட்டை நடத்தத் தொடங்குவதும் உண்டு. 2006இல் ‘செசமி ஸ்ட்ரீட்’ குழுவினர் சிறு குழந்தைகளுக்காகவே ஒரு வீடியோ தயாரித்து ராணுவக் குடும்பங்களுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். அதில் எல்மோவின் அப்பாவும் வெளியூர்ப் பணிக்குக் கிளம்புகிறார்.

திரும்பும் நாள் கடைசிவரை நகர்ந்துகொண்டே இருக்கும். விமானம் தாமதமாகும், கப்பல் ஒரு நாள் தள்ளும். தேதியைச் சமூக ஊடகத்தில் போடக் கூடாது என்பது பாதுகாப்பு விதி. வரவேற்பும் கொடியும் ஒரு நாளில் முடிந்துவிடும், கடினமான பகுதி அதற்குப் பிறகுதான். போனவர் தன் பழைய இடம் காலியாக இருக்கும் என்று நினைத்து வருகிறார். அந்த இடத்தில் மனைவி புதிய ஒழுங்கை உண்டாக்கி வைத்திருக்கிறார். வங்கிக் கணக்கை யார் பார்ப்பது, பிள்ளையை யார் கண்டிப்பது என்று ஒவ்வொன்றையும் மறுபடி பேசித் தீர்க்க வேண்டும். சில வாரங்களில் பழகிவிடும் என்று எதிர்பார்ப்பவர்களுக்குப் பல மாதம் பிடிக்கலாம். தூக்கத்தில் அலறல், திடுக்கிடல், குடி, எரிச்சல் ஆகியவை நீடித்தால் மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடக் கூடாது.

பகுதிநேர வீரர்களான தேசியக் காவல் படையினர், ரிசர்வ் படையினர் ஆகியோரின் குடும்பங்களுக்கு இன்னொரு சங்கடம். அவர்கள் முகாமில் வாழ்வதில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கு டிப்ளாய்மென்ட் என்றால் என்னவென்றே தெரியாது. விட்டுப்போன வேலையைத் திருப்பித் தர வேண்டும் என்று 1994ஆம் ஆண்டுச் சட்டம் முதலாளியைக் கட்டுப்படுத்துகிறது. பயிற்சியையும் சேர்த்து ஒன்றரை ஆண்டு வரை இழுத்துவந்த அவர்களின் அழைப்பை 2007 ஜனவரியில் ஒரு தடவைக்கு 12 மாதம் என்று சுருக்கினார்கள்.

அடுத்த பயணம் எப்போது என்பதற்கும் விதி இருக்கிறது. வெளியே கழித்த ஒவ்வொரு மாதத்துக்கும் முழுநேரப் படையினர் வீட்டில் மூன்று மாதம் இருக்க வேண்டும் என்பது 2021 நவம்பர் முதல் இலக்கு. இரண்டுக்குக் கீழே போனால் மேலிடத்து அனுமதி தேவை. ஆக, 9 மாதம் போய்வந்தவருக்கு 27 மாத இடைவெளி கிடைக்க வேண்டும். பயிற்சி மையங்களில் கழியும் வாரங்களும் அந்த 27க்குள்தான் அடங்கும்.