அண்டாவும் ஆள் ஜாமீனும்

அருப்புக்கோட்டைப் பக்கம் காதுகுத்து, கிடாவெட்டு என்று எது வைத்தாலும் முதலில் தேடுவது அண்டாவைத்தான். அரை மூடை அரிசி வேகும் அண்டாவை முன்பின் தெரியாதவரிடம் வாடகைப் பாத்திரக் கடைக்காரர் தூக்கிக் கொடுத்துவிட மாட்டார். “உள்ளூர்ல யாரைத் தெரியும்?” என்று கேட்பார். தெரிந்த ஒருவர் வந்து நோட்டில் கையெழுத்துப் போட்டால்தான் அண்டா வண்டி ஏறும். சொன்ன நாளில் திரும்பாவிட்டால் கையெழுத்துப் போட்டவர் வீட்டு வாசலில் கடைக்காரர் வந்து நிற்பார்.

நீதிமன்றத்து ஆள் ஜாமீனும் இதே கணக்குத்தான். கடைக்காரர் இடத்தில் நீதிமன்றம். அண்டா இடத்தில், வழக்கில் மாட்டிய ஆள். நோட்டில் கையெழுத்துப் போடுபவர் ஜாமீன்தாரர். திரும்பிவர வேண்டிய நாள், வாய்தா.

சோறு குழைந்ததா, அடிப்பிடித்ததா என்று கையெழுத்துப் போட்டவரிடம் யாரும் கேட்பதில்லை. அண்டா திரும்பியதா என்பது ஒன்றே கேள்வி. ஜாமீன்தாரரும் “இவர் குற்றமே செய்யாதவர்” என்று சொல்ல வரவில்லை. “கூப்பிடுகிற நாளில் இவர் இங்கே நிற்பார்” என்று மட்டும் எழுதிக் கொடுக்கிறார். நல்லவனுக்குத்தானே ஜாமீன் நிற்கிறோம் என்ற தைரியத்தில் கையெழுத்துப் போடுபவர்கள் கவனிக்கத் தவறுவது இதைத்தான். நல்லவனும் வாய்தாவை மறப்பான்.

கையெழுத்துப் போடும் நாள்

அருப்புக்கோட்டைக்குப் பக்கத்துத் திருச்சுழிக்கு நீதிமன்றம் புதிதல்ல. ரமண மகரிஷியின் தந்தை சுந்தரமய்யர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே வக்கீல் தொழில் பார்த்தவர். அவர் காலத்தில் அமலில் இருந்த 1882ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் ஜாமீன் பத்திரம் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருப்பது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. பிரிவு எண்கள் மாறினவே தவிர, பத்திரத்தின் சாரம் அப்படியேதான் இருக்கிறது.

ஜாமீனில் விடத்தக்க குற்றம் என்றால் காவல் நிலையத்திலேயே ஜாமீன் தந்துவிடலாம். மற்றவற்றுக்கு நடுவரிடமோ, ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் மாவட்ட அமர்வு நீதிமன்றத்திலோ, உயர் நீதிமன்ற மதுரைக் கிளையிலோ மனுப் போட வேண்டும். மேலே உத்தரவு கிடைத்தாலும் பத்திரம் எழுதிக் கொடுப்பது பெரும்பாலும் வழக்கு இருக்கும் ஊர் நடுவர் முன்னால்தான். “10,000 ரூபாய்க்குச் சொந்தப் பிணை, அதே தொகைக்கு இரு நபர் ஜாமீன்” என்பது வழக்கமான வாசகம். அதாவது, வழக்கில் உள்ளவர் தன் பங்குக்கு ஒரு பத்திரம் எழுதுவார். ஜாமீன்தாரர் இருவரும் ஆளுக்கு 10,000 ரூபாய்க்குப் பொறுப்பேற்பார்கள்.

அந்தத் தொகையை அன்றைக்கே கட்ட வேண்டுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். ஒரு பைசாவும் கட்ட வேண்டியதில்லை. கட்டும் அளவுக்கு வசதி இருக்கிறது என்று காட்டினால் போதும். அதற்குத்தான் பட்டா, வீட்டு வரி ரசீது, சொத்து மதிப்புச் சான்று எல்லாம். மதுரைக் கிளையின் உத்தரவுகளில் இன்னொரு வரியும் அடிக்கடி வரும்: ஜாமீன்தாரர்கள் பத்திரத்தில் புகைப்படம் ஒட்டி இடது பெருவிரல் ரேகை வைக்க வேண்டும், ஆதார் அல்லது வங்கிப் பாஸ்புக் நகலை நடுவர் வாங்கி வைத்துக்கொள்ளலாம். ஆள்மாறாட்டத்தைத் தடுக்கும் ஏற்பாடு இது.

இன்னும் யார் யாருக்கு ஜாமீன் நின்றிருக்கிறீர்கள் என்பதையும் எழுதிக் கொடுக்க வேண்டும் (பிரிவு 486). ஒரே ஆள் ஊரில் உள்ள அண்டாவுக்கெல்லாம் கையெழுத்துப் போட்டால் கடைக்காரருக்குச் சந்தேகம் வரத்தானே செய்யும்? காசுக்காகப் பொய் ரசீதை வைத்து ஜாமீன் நிற்பவர் தாமே ஒரு குற்ற வழக்கைத் தேடிக்கொள்கிறார்.

அமெரிக்காவில் பல மாநிலங்களில் தொகையில் பத்தில் ஒரு பங்கு போலக் கட்டணம் வாங்கிக்கொண்டு ஜாமீன் நிற்கும் கம்பெனிகள் உண்டு. இந்தியச் சட்டத்தில் அப்படி ஒரு தொழில் இல்லை. இங்கே நிற்பவர் மாமனோ மச்சானோ பக்கத்துக் காட்டுக்காரரோதான். “உனக்கு நஷ்டம் வந்தா நான் தந்துர்றேன்” என்று வழக்கில் உள்ளவரிடம் அவர் தனியாக எழுதி வாங்கினாலும் பயனில்லை. ஜாமீன்தாரரின் நஷ்டத்தை ஈடுகட்டும் ஒப்பந்தம் பொதுநலக் கொள்கைக்கு மாறானது; சட்டப்படி செல்லாது. நஷ்ட பயம் இருந்தால்தானே ஆளைக் கூட்டிவருவார்?

அண்டா திரும்பாவிட்டால்

அண்டாவுக்குக் கால் கிடையாது, ஆளுக்கு உண்டு. மானாவாரிக் காட்டில் விளைச்சல் இல்லாத வருஷம் பிழைப்புக்குத் திருப்பூர் போனவருக்குத் திருச்சுழியில் வாய்தா என்று வையுங்கள். டவாலி மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிடுவார். பதில் இல்லை. வரமுடியாத காரணத்தைச் சொல்லி அன்றைக்கு மட்டும் ஆஜராவதிலிருந்து விலக்குக் கேட்டு வக்கீல் மனுப் போட்டிருந்தால் தப்பிக்கலாம். பழைய பிரிவு எண்ணை வைத்து அதை “317 மனு” என்பார்கள். இப்போது அது 355. அந்த மனுவும் இல்லையென்றால் பிடிவாரண்ட்தான்.

அடுத்து பிரிவு 491. பத்திரம் மீறப்பட்டதாக நீதிமன்றம் பதிவு செய்யும். தொகையைக் கட்டு, இல்லாவிட்டால் ஏன் கட்டக் கூடாது என்று காரணம் சொல் என்று ஜாமீன்தாரருக்கு நோட்டீஸ் வரும். நோட்டீஸை வாங்காமல் ஒளிவதுதான் பெரிய தப்பு. நேரில் போய்க் காரணம் சொல்ல வேண்டும், முடிந்தால் ஆளையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும். தொகையில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்ய நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. சும்மா இருந்தால் அபராதத்தைப் போலவே வசூலிப்பார்கள். அப்படியும் வசூலாகாவிட்டால் ஜாமீன்தாரரை 6 மாதம் வரை உரிமையியல் சிறையில் வைக்கலாம். மீறல் நடக்கும் முன்பே ஜாமீன்தாரர் இறந்துவிட்டால் அவர் சொத்தின் மேல் பொறுப்பு விழாது.

தினமும் காலையில் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போடுவது போன்ற நிபந்தனைகள் வழக்கில் உள்ளவருக்கானவை. ஆனால் அவர் அதை மீறி ஜாமீன் ரத்தானால் அலைச்சல் ஜாமீன்தாரருக்கும் சேர்த்துத்தான்.

பாதியில் விலகலாம்

ஒருமுறை கையெழுத்துப் போட்டால் ஆயுசுக்கும் மாட்டிக்கொண்டோம் என்று நினைக்க வேண்டாம். விருந்து முடியும் முன்பே “உங்க அண்டாவை எடுத்துக்கோங்க” என்று ஒப்படைக்கலாம். பிரிவு 489இன்படி எப்போது வேண்டுமானாலும் விலகல் மனுக் கொடுக்கலாம். ஆளைக் கொண்டுவரச் சொல்லி நடுவர் வாரண்ட் போடுவார். அவர் வந்ததும் உங்கள் பத்திரம் ரத்தாகும். அவர் வேறு ஜாமீன் தேட வேண்டும், கிடைக்காவிட்டால் மறுபடி உள்ளே போக வேண்டும். ஆளின் போக்கு சரியில்லை என்று தெரிந்தால் அவர் ஓடுவதற்கு முன்பே மனுப் போட வேண்டும். ஓடிய பிறகு போட்டால் பத்திரத்தின் பாரம் போகாது.

அசல் ஆவணம் எதையாவது கொடுத்திருந்தால், வழக்கு முடிந்ததும் மனுப் போட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். தீர்ப்புக்கு முன் மேல் நீதிமன்றத்தில் ஆஜராவதற்கென்று தனியாக ஒரு பத்திரம் கேட்பார்கள் (பிரிவு 481). அது 6 மாதம் உயிரோடு இருக்கும். அதிலும் கையெழுத்துப் போட்டிருந்தால் விடுதலையான அன்றே கணக்கு முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள்.

ஆள் கிடைக்காதவர்

பட்டா பெரும்பாலும் தாத்தா பெயரில், கூட்டாக இருக்கும். நிலம் இருந்தாலும் மழை பார்த்த பூமிக்கு மதிப்புக் குறைவு. சொந்தக்காரர்கள் கோவையிலும் சென்னையிலும். இப்படிப்பட்டவருக்கு ஜாமீன் உத்தரவு கையில் இருந்தும் கதவு திறக்காது.

1978இல் இதே சிக்கல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த மோதி ராம் ஒரு கொத்தனார். நடுவர் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார். சகோதரர் முன்வந்தபோது, சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மறுத்துவிட்டார். நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் அதை ஏற்கவில்லை. 1,000 ரூபாய் சொந்தப் பிணையில் விடச் சொன்னார். ஜாமீன் கிடைத்து ஒரு மாதமாகியும் பத்திரம் தர முடியாதவர்களின் நிபந்தனையைத் தளர்த்த முடியுமா என்று நீதிமன்றங்கள் தாமாகவே பார்க்கலாம் என 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது. உள்ளூர் ஜாமீன் கேட்பதைத் தவிர்க்கவும் சொன்னது. ஜாமீனில் விடத்தக்க குற்றத்தில் ஒரு வாரத்துக்குள் ஜாமீன் தர இயலாதவரை வசதியற்றவராகவே கருதிச் சொந்தப் பத்திரத்தில் விட வேண்டும் (பிரிவு 478). இதற்கெல்லாம் மனுப் போட வட்ட சட்டப் பணிகள் குழு இலவசமாக வக்கீல் தரும்.

அதனால் “மாமா, ஒரு கையெழுத்துத்தான்” என்று யாராவது வந்து நின்றால் ஆள் நல்லவனா என்று யோசிப்பதோடு நிறுத்தாதீர்கள். அவன் எங்கே வேலை பார்க்கிறான், வாய்தாவுக்கு முந்தின நாள் போன் போட்டால் எடுப்பானா, எடுக்காவிட்டால் தேடிப்போய்க் கூட்டிவர உங்களால் முடியுமா என்று பாருங்கள். முடியும் என்றால் போடுங்கள். முடியாது என்றால் மறுத்துவிட்டு, சொந்தப் பிணைக்கு மனுப் போட அவன் வீட்டாரைச் சட்டப் பணிகள் குழுவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அதுவும் உதவிதான்.