ஒரு துளி ரத்தமும் கோழியின் எடையும்

ஒரே நாளில் பொரித்த குஞ்சுகள், ஒரே தீவனத்தைத் தின்று, ஒரே கொட்டகையில் வளர்கின்றன. எட்டு வாரம் கழித்துத் தராசில் நிறுத்தால் ஒன்று நன்றாகத் தேறியிருக்கும், இன்னொன்று பின்தங்கியிருக்கும். எது தேறும் என்பதைக் குஞ்சிலேயே கண்டுபிடிக்க முடிந்தால், தாய்க்கோழியையும் சேவலையும் தேர்ந்தெடுப்பது எளிதாகிவிடும். அந்த அடையாளத்தை ஆய்வாளர்கள் ரத்தத்தில் தேடுகிறார்கள்.

இந்தத் தேடல் நடக்கும் இடங்களில் நைஜீரியாவும் ஒன்று. அங்கே வடக்கின் வறண்ட புல்வெளிகளில் ஃபுலானி மக்கள் வளர்க்கும் நாட்டுக்கோழிகள் கனமானவை. தென்மேற்கு யொரூபா பகுதியின் கோழிகள் எடை குறைந்தவை. இவற்றுக்குள்ளேயே சாதாரண இறகுள்ளவை, கழுத்தில் இறகில்லாதவை, இறகு சுருண்டவை என்று வகைகள் உண்டு. நம் ஊர்க் கழுத்தறுத்தான் கோழியைப் பார்த்தவர்களுக்கு இரண்டாவது வகை புதிதல்ல.

சோதனை எப்படி நடக்கிறது? இறக்கைக்கு அடியில் ஓடும் ரத்தக்குழாயிலிருந்து சிறிது ரத்தம் எடுப்பார்கள். சிவப்பணுக்களைப் பிரித்து உடைத்தால் ஹீமோகுளோபின் வெளிவரும். அதை ஒரு மெல்லிய பட்டையில் இட்டு மின்சாரம் செலுத்துவார்கள். இந்த முறைக்கு எலக்ட்ரோபோரஸிஸ் என்று பெயர். மரபணுவில் சிறு வேறுபாடு இருந்தால் புரதத்தின் மின்னேற்றமும் வேறுபடலாம். அப்போது பட்டையில் அது நகரும் தூரமும் மாறும். தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் ஒரே வடிவம் வந்திருந்தால் ஒரு கோடு தெரியும். வெவ்வேறு வடிவங்கள் வந்திருந்தால் இரண்டு கோடுகள். இவற்றை ஏஏ, பிபி, ஏபி என்று குறிப்பார்கள். டிரான்ஸ்ஃபெரின், அல்புமின் போன்ற புரதங்களையும் இப்படியே பார்க்கலாம். தீவனத்தை மாற்றினாலும் கோழியின் மரபு வகை மாறுவதில்லை என்பதால் இவற்றை மரபுக்குறிகள் என்கிறோம்.

அடுத்து, ஏஏ கோழிகளின் சராசரி எடை மற்றவற்றைவிடக் கூடுதலாக வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். முதலாவது, அந்தப் புரதமே உடலுக்கு உதவுவது. ஹீமோகுளோபின் ஆக்சிஜனைச் சுமக்கிறது, டிரான்ஸ்ஃபெரின் இரும்புச்சத்தைச் சுமக்கிறது. இரண்டாவது, வளர்ச்சியைப் பாதிக்கும் வேறொரு மரபணு அதே குரோமோசோமில் பக்கத்தில் இருந்து, இரண்டும் சேர்ந்தே குஞ்சுக்குப் போவது. மூன்றாவது, வெறும் உறவுமுறை. நல்ல சேவல் ஒன்றின் குஞ்சுகள் பலவும் அதன் எடையோடு அதன் ரத்தக்குறியையும் பெற்றிருக்கலாம். அடுத்த மந்தையில் அந்தத் தொடர்பு காணாமல் போய்விடும். எடை என்பது பல மரபணுக்கள் சிறிது சிறிதாகச் சேர்ந்து தீர்மானிக்கும் பண்பு. ஒற்றைக் குறியை மட்டும் நம்புகிறவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த மூன்றாவது காரணத்தால்தான்.

ரத்தக்குறி உண்மையிலேயே பயன்பட்ட கதையும் உண்டு. 1950இல் அமெரிக்க ஆய்வாளர் பிரைல்ஸும் அவருடைய சகாக்களும் கோழிகளின் ரத்தப் பிரிவுகளை விவரித்தார்கள். அவற்றில் ஒன்று ‘பி’ பிரிவு. ஒரு கோழியின் தோலை இன்னொன்றில் ஒட்டினால் உடல் ஏற்பதும் தள்ளுவதும் இந்தப் பிரிவோடு தொடர்புடையவை என்று 1961இல் ஷியர்மனும் நோர்ட்ஸ்காகும் காட்டினார்கள். சிவப்பணுவில் தெரிந்த அந்தக் குறி, நோய் எதிர்ப்பை ஆளும் மரபணுக் கூட்டத்தின் அடையாளமாக இருந்தது. வாதத்தையும் கட்டிகளையும் உண்டாக்கும் மேரக்ஸ் நோயை அந்தப் பிரிவின் பி21 வகைக் கோழிகள் நன்றாகத் தாங்குகின்றன, பி19 வகை எளிதில் விழுந்துவிடுகிறது. நோயில் சிக்காத கோழிதானே எடை போடும்!

இன்று ரத்தத்துளியிலிருந்து மரபணுவையே நேரடியாகப் படிக்கிறார்கள். மனிதரின் சிவப்பணுவில் உட்கரு கிடையாது. கோழியின் சிவப்பணுவில் உண்டு. அதனால் ஒரு துளியிலேயே வேண்டிய டிஎன்ஏ கிடைத்துவிடுகிறது. கோழியின் மரபணுத் தொகுப்பின் வரைவு 2004இல் வெளியானது. ஒரே மரபணு எவ்வளவு பெரிய மாற்றம் செய்யும் என்பதற்குக் குட்டைக் கோழிகளில் ஒரு வகை சான்று. அவற்றின் ரத்தத்தில் வளர்ச்சி ஹார்மோன் தாராளமாகவே இருக்கும். ஆனால் அதை ஏற்கும் புரதத்துக்கான மரபணு பழுதாகியிருப்பதால் உடல் வளராது.

குறியின் பலன் சூழலையும் பொறுத்தது. கழுத்தில் இறகில்லாத கோழி உடல் வெப்பத்தை எளிதில் வெளியேற்றுவதால் கடும் வெயிலில் மற்றவற்றைவிட நன்றாக வளர்கிறது. குளிர்ந்த இடத்தில் அந்த ஆதாயம் இல்லை.

ஆகவே ஓர் ஆய்வு முடிவைக் கேட்கும்போது சிலவற்றை விசாரியுங்கள். எத்தனை சேவல்களின் குஞ்சுகளைப் பார்த்தார்கள்? ஒரே வயதில் நிறுத்தார்களா? சேவலையும் பெட்டையையும் தனித்தனியே கணக்கிட்டார்களா? வேறு மந்தையிலும் அதே முடிவு வந்ததா? இவற்றுக்குத் தெளிவான பதில் இருந்தால் அந்தக் குறியை, எடைப் பதிவேட்டோடு சேர்த்துப் பயன்படுத்தலாம். ஒரு குறியில்லை என்பதற்காக மற்றக் கோழிகளைக் கழித்துவிடக் கூடாது. இன்று எடைக்கு உதவாத மரபு வகை, நாளை புதிய நோயையோ கூடுதல் வெயிலையோ தாங்கப் பயன்படலாம். நாட்டுக்கோழி மந்தையின் உண்மையான செல்வம் அதன் பன்மைதான். ரத்தச் சோதனையின் முதல் வேலை அந்தப் பன்மையை அளந்து காப்பது. எடைக்கான தேர்வு அதற்கு அடுத்ததே.