டைபஸும் டைபாய்டும் ஒன்றல்ல

ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களிலிருந்து காய்ச்சலோடு வருவோரின் இரத்தப் பரிசோதனை அறிக்கையில் 'ஸ்க்ரப் டைபஸ்' என்று கண்டதும், "டைபாய்டுதானே, டாக்டர்?" என்று உறவினர்கள் எங்களைக் கேட்பதுண்டு. அன்று, இரண்டும் வெவ்வேறு நோய்கள்.

'டைபஸ்' என்பதற்கு மூலமான கிரேக்கச் சொல்லுக்குப் புகை, மூட்டம் என்று பொருள். கடுங்காய்ச்சலில் நோயாளியின் அறிவு மங்கிக் கிடப்பதை அது சுட்டியது. (சேர்வராயன் மலையின் மூடுபனியைக் கண்டவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.) அதனை ஒத்த மற்றொரு காய்ச்சல் 'டைபஸ் போன்றது' என்னும் பொருளில் 'டைபாய்டு' எனப்பட்டது. உறவு பெயரளவில்தான். டைபாய்டு அசுத்த நீராலும் உணவாலும் பரவும். 'ஸ்க்ரப்' என்றால் புதர்க்காடு. அங்கு வாழும் கண்ணுக்கு எளிதில் புலப்படாத உண்ணியின் இளம்பருவம் கடிப்பதால் வருவது ஸ்க்ரப் டைபஸ். தமிழில் உண்ணிக் காய்ச்சல் என்கிறோம். இப்பெயரே நோயை நன்கு விளக்குகிறது.

பெயர் மாறினால் மருந்தும் மாறும். டைபாய்டுக்குப் போடும் செஃப்ட்ரையாக்சோன் ஊசி உண்ணிக் காய்ச்சலைக் குணப்படுத்தாது. டாக்சிசைக்ளின் தொடங்கினால் பெரும்பாலோர்க்கு இரண்டு நாட்களில் காய்ச்சல் தணியும். தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை பாதிக்கப்படலாம்.

கடித்த இடத்தில் சிகரெட் சுட்டது போன்ற கருநிறப் பொருக்கு தோன்றலாம். எங்கள் குறிப்பேட்டில் 'எஸ்கார்' என்று எழுதுவோம். கிரேக்கத்தில் அதன் மூலச்சொல் அடுப்பைக் குறிக்கும். வலியோ அரிப்போ இராததால் நோயாளியே அதனை அறியமாட்டார். எல்லோருக்கும் தோன்றுவதுமில்லை. உடை மாற்றும்போது அக்குள், தொடை இடுக்கு, இடுப்பு, மார்பின் கீழ்மடிப்பு ஆகிய இடங்களைப் பாருங்கள்; கண்டால் உடனே எங்களிடம் காட்டுங்கள். புதரில் வேலை செய்ததையும் மறவாமல் சொல்லுங்கள்.