பாங்குச் செயலி சில நாள் மட்டும் மௌனமாவது ஏன்?

கைப்பேசியில் பாங்கு ஒலிக்கும் செயலி இல்லாத முஸ்லிம் வீடு இன்று குறைவு. பள்ளிவாசல் தொலைவில் உள்ள குடும்பங்களுக்கும், விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளுக்கும், வெளிநாட்டில் வேலை பார்ப்போருக்கும் அதுதான் மோதினார். அந்தச் செயலி ஒரேயடியாகக் கெட்டுவிட்டால் கவலை இல்லை. நீக்கிவிட்டு வேறொன்றை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது திங்கட்கிழமை ஒலிக்கிறது, செவ்வாய்க்கிழமை ஒலிப்பதில்லை, புதன்கிழமை மறுபடியும் ஒலிக்கிறது. அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

பஜ்ருக்கு எழாத மகன், "பாங்கு அடிக்கவே இல்லை அத்தா" என்கிறான். தந்தை போனை வாங்கி, இரண்டு நிமிடம் கழித்து ஒலிக்கும்படி வைத்துச் சோதிக்கிறார். நன்றாக ஒலிக்கிறது. "தொழாததும் போதாதென்று பொய் வேறா?" என்று கேட்டுவிடுகிறார்.

மகன் சொன்னது உண்மையாக இருக்கலாம். தந்தை சோதித்துக் கண்டதும் உண்மைதான். இரண்டும் சேர்ந்து உண்மையாவது எப்படி என்று தெரிந்துகொண்டால், தவறிய தொழுகைகள் குறையும். வீட்டில் வீண் சந்தேகமும் குறையும்.

வந்து போகும் கோளாறுக்கும் காரணம் உண்டு

மதரஸாக்களில் உஸூலுல் ஃபிக்ஹ் பாடத்தில் 'இல்லத்' என்றொரு பகுதி வரும். ஒரு சட்டத்துக்கு அடிப்படையாக அமையும் காரணத்துக்கு இல்லத் என்று பெயர். அதைக் கண்டறியும் வழிகளில் ஒன்றாக உஸூல் அறிஞர்கள் பலர் 'தவரான்' என்பதைக் கூறுகிறார்கள். ஒன்று இருக்கும்போதெல்லாம் சட்டம் இருக்கிறது, அது நீங்கும்போதெல்லாம் சட்டமும் நீங்குகிறது என்றால், அந்த ஒன்றே காரணமாக இருக்கக்கூடும் என்று ஊகிப்பது அது.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் உதாரணம் திராட்சைச் சாறு. சாறாக இருக்கும்போது ஹலால். புளித்துப் போதை ஏறியதும் ஹராம். தானாகவே வினிகராக மாறிப் போதை நீங்கியதும் மறுபடியும் ஹலால். பொருள் அதேதான். போதை வந்தபோது தடை வந்தது, போனபோது தடையும் போனது.

போன் கோளாறையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். 'சில நேரம் வருகிறது, சில நேரம் வருவதில்லை' என்பதால் அதைத் தற்செயல் என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில், கோளாறு வரும்போது மட்டும் இருக்கும் ஏதோ ஒன்று நம் கண்ணில் படவில்லை என்பதுதான் பொருள். தந்தையின் சோதனையில் விடுபட்டதும் அதுவே. போன் கையில் இருந்தது, திரை எரிந்துகொண்டிருந்தது, செயலி திறந்திருந்தது. பஜ்ர் நேரத்தில் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை.

இரவில் உறங்கும் ஆண்ட்ராய்டு

2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், பேட்டரியை மிச்சப்படுத்த ஓர் ஏற்பாடு போன்களில் இருக்கிறது. சார்ஜரில் இல்லாமல், திரை அணைந்து, அசையாமல் சிறிது நேரம் கிடந்தால் போன் ஆழ்ந்த ஓய்வுக்குப் போய்விடும். அப்போது பின்னணியில் இயங்கும் செயலிகளின் வேலைகளைத் தள்ளிப்போட்டு, இடையிடையே மட்டும் கொஞ்சம் அவகாசம் கொடுக்கும். இதற்கேற்ப எழுதப்படாத பாங்குச் செயலி தாமதமாக ஒலிக்கும், அல்லது ஒலிக்காமலே விட்டுவிடும்.

இப்போது தவரானைப் பொருத்திப் பாருங்கள். போனைச் சார்ஜரில் போட்டுவிட்டுத் தூங்கிய இரவுகளில் பாங்கு ஒலிக்கிறது. தலையணை அருகே சும்மா வைத்த இரவுகளில் ஒலிப்பதில்லை. லுஹரும் அஸரும் ஒழுங்காக ஒலிக்கின்றன; அந்நேரங்களில் போன் சட்டைப்பையில் அசைந்துகொண்டிருக்கிறது. பஜ்ர் மட்டும் தவறுகிறது. போனோடு வந்த கடிகார அலாரமோ எல்லா நாளும் ஒலிக்கிறது. அலாரம் கடிகாரத்துக்கு அந்த ஓய்விலிருந்து விலக்கு உண்டு. இந்த அடையாளங்கள் பொருந்தினால், செட்டிங்ஸில் அந்தச் செயலிக்குரிய பேட்டரிப் பகுதிக்குப் போய்க் கட்டுப்பாட்டை நீக்குங்கள்.

சில நிறுவனங்கள் இதற்கும் மேலாகத் தங்கள் சொந்தக் கட்டுப்பாடுகளைச் சேர்த்திருக்கின்றன. அத்தகைய போன்களில், சமீபத்தில் திறந்தவற்றின் பட்டியலிலிருந்து செயலியை விரலால் தள்ளி நீக்கினாலே அதன் அலாரமும் போய்விடுவதுண்டு. தூங்கும் முன் எல்லாவற்றையும் தள்ளிச் 'சுத்தம்' செய்யும் பழக்கம் உள்ளவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

புதிய போன் வாங்கியவர்கள் அனுமதிகளையும் பார்க்க வேண்டும். ஆண்ட்ராய்டு 13 முதல், அறிவிப்பு காட்டுவதற்கே செயலி நம் அனுமதியைக் கேட்கிறது. ஆண்ட்ராய்டு 14இல், புதிதாக நிறுவும் பல செயலிகளுக்குக் குறித்த நிமிடத்தில் அலாரம் அடிக்கும் அனுமதி தானாகக் கிடைப்பதில்லை. நாம்தான் கொடுக்க வேண்டும்.

ஐபோனில் பன்னிரண்டு நாள் கணக்கு

ஐபோனில் காரணம் வேறு. ஒரு செயலி முன்கூட்டியே பதிந்து வைக்கும் அறிவிப்புகளில், அடுத்து வரவிருக்கும் 64ஐ மட்டுமே ஐபோன் வைத்துக்கொள்ளும். நாளுக்கு ஐந்து வக்து என்றால் பன்னிரண்டு நாளைக்கு 60. மீதி நான்கு பதிமூன்றாம் நாளில் தீர்ந்துவிடும். அதற்குள் செயலியைத் திறந்தால் அது மறுபடியும் நிரப்பிக்கொள்ளும். திறக்காவிட்டால் மௌனம். ஒவ்வொரு வக்துக்கும் முன்னறிவிப்பு ஒன்றும் வைத்திருந்தால், ஆறு நாளைக்கு மேல் சில வக்துகள்தான் தாங்கும்.

ஆகவே, 'பத்துப் பன்னிரண்டு நாள் நன்றாக இருந்தது, பிறகு நின்றுவிட்டது, திறந்து பார்த்தால் சரியாகிவிட்டது' என்று யாராவது சொன்னால், இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். வாரத்துக்கு இருமுறை செயலியைத் திறந்து மூடினாலே பெரும்பாலும் போதும். அறிவிப்பு ஒலி 30 வினாடிக்கு மேல் போகக் கூடாது என்பதும் ஐபோனின் விதி. பாங்கு பாதியில் நிற்கிறதே என்று கவலைப்படுவோருக்கு விடை அதுதான்.

இரு வகைப் போன்களுக்கும் பொதுவான காரணம் ஒன்று உண்டு. வெள்ளிக்கிழமை அஸர் மட்டும் ஒலிப்பதில்லையா? ஜுமுஆவுக்குப் போகும்போது சைலண்டில் போட்ட போனை நினைத்துப் பாருங்கள். அதேபோல, இரவு பத்து மணி முதல் காலை ஆறு வரை தொந்தரவு வேண்டாம் என்று ஒருமுறை அமைத்துவிட்டு மறந்திருந்தால், பஜ்ர் அந்த நேரத்துக்குள் அடங்கிவிடும்.

ஒலிக்கிறது, ஆனால் நேரம் தவறு

மௌனமாகும் செயலியைவிட ஆபத்தானது, தவறான நேரத்தில் ஒலிக்கும் செயலி. மௌனத்தை நாம் கவனித்துவிடுவோம். தவறான பாங்கை நம்பிவிடுவோம்.

பூமி ஒரு பாகை சுழல நான்கு நிமிடம் ஆகிறது. சென்னைக்கும் கோவைக்கும் தீர்க்கரேகையில் சுமார் 3.3 பாகை வித்தியாசம். ஆகவே சென்னையில் சூரியன் மறைந்து ஏறத்தாழ 13 நிமிடம் கழித்தே கோவையில் மறைகிறது. பருவத்தைப் பொறுத்து இதில் சில நிமிடங்கள் கூடும், குறையும். சென்னையிலிருந்து ரமளானில் கோவைக்குப் போன ஒருவரின் போன் இன்னும் சென்னையையே இருப்பிடமாக வைத்திருந்தால், கோவையில் சூரியன் இருக்கும்போதே மஃரிப் பாங்கு ஒலித்துவிடும். கோவைக்காரர் சென்னைக்கு வந்தால் ஆபத்து ஸஹரில். பஜ்ர் நுழைந்த பிறகும் நேரம் இருப்பதாகச் செயலி காட்டும்.

சூரியன் மறைந்துவிட்டதாக எண்ணி நோன்பு திறந்து, பிறகு மறையவில்லை எனத் தெரிந்தால் ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபுகளிலும் அந்த நோன்பைக் களாச் செய்ய வேண்டும். பஜ்ர் வந்தது தெரியாமல் சாப்பிட்டவருக்கும் அதுவே சட்டம். அறியாமல் செய்ததால் பாவம் இல்லை. ஆனாலும் நோன்பு கடனாக நிற்கிறது.

இது பயணத்தின்போது மட்டும் வருவதற்குக் காரணம், இருப்பிட அனுமதி. பேட்டரிக்காக லொகேஷனை அணைத்து வைத்திருப்போம், அல்லது செயலியைத் திறந்திருக்கும்போது மட்டும் பார்க்க அனுமதித்திருப்போம். அப்போது செயலி கடைசியாக அறிந்த ஊரிலேயே நின்றுவிடும். ஊர் மாறியதும் செயலியைத் திறந்து, மேலே எந்த ஊர்ப் பெயர் இருக்கிறது என்று பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

கணக்கிடும் முறையும் நேரத்தை மாற்றும். பஜ்ருக்குச் சூரியன் அடிவானத்துக்குக் கீழே எத்தனை பாகையில் இருக்க வேண்டும் என்பதில் எகிப்து முறை 19.5, உம்முல் குரா 18.5, கராச்சி முறை 18, வட அமெரிக்க முறை 15 என்று கொள்கின்றன. 18க்கும் 15க்கும் இடையே மட்டும் குறைந்தது 12 நிமிட வித்தியாசம். உம்முல் குரா முறையில் இஷா, மஃரிபுக்குப் பின் ஒன்றரை மணி நேரம். நம் ஊரில் 18 பாகைக் கணக்குப்படி அது சுமார் ஒன்றேகால் மணி நேரத்திலேயே வந்துவிடும். சவூதியிலிருந்து விடுமுறையில் வந்தவரின் போனும் வீட்டாரின் போனும் முரண்படுவது இதனால்தான். ஒரே வீட்டில் ஒரு போன் ஷாஃபிஈ முறையிலும் மற்றொன்று ஹனஃபி முறையிலும் இருந்தால் அஸர் நேரமும் வெகுவாக வேறுபடும். போனை மாற்றினாலோ செயலியை நீக்கி மறுபடி நிறுவினாலோ இந்த அமைப்புகள் பழைய இடத்துக்குப் போய்விடலாம்.

14ஆம் நூற்றாண்டில் டமாஸ்கஸ் உமையாப் பள்ளிவாசலில் தொழுகை நேரங்களைக் கணிக்கும் 'முவக்கித்' பொறுப்பில் இருந்தவர் வானியல் அறிஞர் இப்னு ஷாதிர். அவர் 1371இல் அங்கே சூரியக் கடிகாரம் ஒன்றை அமைத்தார். ஓர் ஊருக்காக வரைந்த சூரியக் கடிகாரத்தை வேறு ஊருக்குத் தூக்கிச் சென்றால் அது சரியான நேரம் காட்டாது. செயலியும் அப்படித்தான். எனவே உங்கள் மஹல்லா ஜமாஅத் வெளியிடும் நேர அட்டவணையை உரைகல்லாக வைத்துச் செயலியை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

கண்டறியும் முறை

உஸூலில் 'அஸ்ஸப்ர் வத்தக்ஸீம்' என்று இன்னொரு வழி உண்டு. காரணமாக இருக்கக்கூடிய எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி, பொருந்தாதவற்றை ஒவ்வொன்றாக நீக்கி, மிஞ்சுவதை ஏற்பது. அதை வீட்டில் இப்படிச் செய்யலாம்.

முதலில், எதையும் மாற்றாமல் ஒரு வாரம் குறித்து வையுங்கள். ஒரு தாளில் ஏழு நாள், ஐந்து வக்து, மொத்தம் 35 கட்டங்கள். ஒலித்ததா இல்லையா, சார்ஜரில் இருந்ததா, சைலண்டில் இருந்ததா, எந்த ஊர், செயலியைக் கடைசியாகத் திறந்தது எப்போது என்று எழுதுங்கள். ஒலித்த நாட்களையும் எழுத வேண்டும். ஒலிக்காத நாட்களை மட்டும் எழுதினால் ஒப்பிட எதுவும் இருக்காது.

அடுத்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பேட்டரி அமைப்பை மாற்றி, செயலியைப் புதுப்பித்து, போனையும் அணைத்துப் போட்டால் கோளாறு நீங்கலாம். ஆனால் எதனால் நீங்கியது என்று தெரியாது. அடுத்த மாதம் அது திரும்பி வந்தால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

சோதிக்கும்போது, கோளாறு வந்த அதே நிலையை உண்டாக்கிச் சோதியுங்கள். சார்ஜரைக் கழற்றி, திரையை அணைத்து, இரவு வைக்கும் அதே இடத்தில் போனைத் தொடாமல் விட்டுவிட வேண்டும்.

கடைசியாக, சரியாகிவிட்டது என்று அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை வரும் கோளாறு இரண்டு நாள் வராததில் ஆச்சரியம் இல்லை. பத்துப் பன்னிரண்டு நாளாவது பொறுத்துப் பாருங்கள்.

கிப்லா காட்டும் செயலி தடுமாறினாலும் இதே முறைதான். மொட்டை மாடியில் சரியாகவும் படுக்கையறையில் தவறாகவும் காட்டினால் இரும்புக் கட்டிலையும் பீரோவையும் பாருங்கள். எங்கும் தடுமாறினால் போன் உறையில் உள்ள காந்தத்தைப் பாருங்கள். சென்னையிலிருந்து கிப்லா நேர் மேற்கிலிருந்து சுமார் 18 பாகை வடக்காக இருக்கிறது. இதை அறிந்தவர், முள் தெற்கே போகும்போது ஏமாற மாட்டார்.

குற்றம் சாட்டும் முன்

கைபர் போரிலிருந்து திரும்பும் வழியில் நபி (ஸல்) அவர்கள் ஓரிடத்தில் இரவு தங்கினார்கள். பஜ்ருக்கு எழுப்பும் பொறுப்பைப் பிலால் (ரலி) அவர்களிடம் ஒப்படைத்தார்கள். பிலாலையும் உறக்கம் மிகைத்துவிட்டது. வெயில் பட்ட பிறகே அனைவரும் எழுந்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் வரும் இந்தச் செய்தியில், நபியவர்கள் நடந்ததை விசாரித்தார்கள், பிலாலின் பதிலைக் கேட்டார்கள், அவ்விடத்தை விட்டு நகர்ந்து சென்று அத்தொழுகையை நிறைவேற்றினார்கள். பிலாலைப் பொய்யர் என்றோ அலட்சியக்காரர் என்றோ சொல்லவில்லை.

எழுப்புவதற்கு ஓர் ஏற்பாடு செய்வது நம் கடமை என்பதை இதிலிருந்து விளங்குகிறோம். அந்த ஏற்பாடு ஒருநாள் தவறும்போது எப்படி நடந்துகொள்வது என்பதையும் விளங்குகிறோம். வந்த செய்தியைத் தெளிவுபடுத்திக்கொள்ளும்படியும், ஊகங்களில் பெரும்பாலானவற்றைத் தவிர்க்கும்படியும் அல் ஹுஜுராத் அத்தியாயம் கட்டளையிடுகிறது. அது ஊர் விவகாரங்களுக்கு மட்டும் அல்ல, வீட்டுக்குள் மகனிடம் பேசுவதற்கும் சேர்த்துத்தான்.

மகன் உண்மையிலேயே சோம்பலால் எழாமல் இருந்திருக்கலாம். அந்த 35 கட்டங்கள் அதையும் காட்டிக்கொடுக்கும். இன்று இரவே அவனையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அந்தத் தாளைப் போடுங்கள். காரணம் தெரியும்வரை போனோடு வந்த கடிகார அலாரத்தையும் சேர்த்து வையுங்கள். முடிந்தால் பஜ்ருக்கு நீங்களே போய் அவன் தோளைத் தொட்டு எழுப்புங்கள்.

அல்லாஹ் நம்மையும் நம் பிள்ளைகளையும் தொழுகையை உரிய நேரத்தில் பேணுவோராக ஆக்குவானாக. ஆமீன்.