ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு எஸ்.எம்.பி.எஸ்.: லாபமா, நஷ்டமா?

மும்பை கிராண்ட் ரோடு ரெயில் நிலையத்தில் இறங்கிக் கிழக்கே நடந்தால் லேமிங்டன் ரோடு வந்துவிடும். மாநகராட்சி ஏட்டில் அதற்கு டாக்டர் தாதாசாகேப் பட்கம்கர் மார்க் என்று பெயர். அந்தப் பெயரைச் சொல்லி வழி கேட்டால் டாக்சிக்காரரே கொஞ்சம் விழிப்பார். கம்ப்யூட்டர் உதிரி சாமான்களுக்குப் பேர்போன கடைவீதி அது.

தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் சிறிய அறையில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு கல்யாண வீடியோ 'எடிட்டிங்', அழைப்பிதழ் அச்சுக்கோப்பு என்று பிழைப்பு நடத்தும் நம்மவர்களுக்கு இந்த வீதி நன்றாகப் பழக்கம். வேலை கூடும்போது புதிதாக ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்குவார்கள். மாட்டியதும் கம்ப்யூட்டர் பாதியில் அணைந்து அணைந்து எரியும். மின்சாரம் போதவில்லை என்பது தெரிந்துவிடும். பெரிய எஸ்.எம்.பி.எஸ். வாங்கக் கையில் பணம் இருக்காது. பரணில் பழையது ஒன்று சும்மா கிடக்கும். 'அதையும் சேர்த்து மாட்டினால் என்ன?' என்ற யோசனை அப்போதுதான் பிறக்கிறது.

மாட்டலாம். ஆனால் தப்பாக மாட்டினால் புதுக் கார்டும் போகும், மதர்போர்டும் போகும், வாடிக்கையாளரின் கல்யாணப் படமும் போகும். மறுபடி எடுத்துக்கொடுக்கக் கூடியதா அது?

எழுதியிருப்பது 450, கிடைப்பது எவ்வளவு?

எஸ்.எம்.பி.எஸ். என்பது வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட்களாகக் குறைத்துத் தரும் பெட்டி. இன்றைய கம்ப்யூட்டர் பெரும்பாலும் உறிஞ்சுவது 12 வோல்ட்டைத்தான். ஆகவே பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் உள்ள வாட் கணக்கைப் பார்த்து ஏமாறக்கூடாது. லேபிளில் 12 வோல்ட்டுக்கு எதிரே எத்தனை ஆம்பியர் என்று பார்க்க வேண்டும். 16 ஆம்பியர் என்றிருந்தால் 12-ஐ 16-ஆல் பெருக்க 192 வாட். அவ்வளவுதான் சரக்கு. எட்டு முள் இணைப்பு ஒன்று உள்ள கிராபிக்ஸ் கார்டோ அந்த இணைப்பில் 150, மதர்போர்டு வழியாக 75, ஆக 225 வாட் வரை கேட்கக்கூடியது.

மஞ்சளோடு மஞ்சள் கூடாது

இரண்டு பெட்டிகளின் மஞ்சள் ஒயர்களை ஒன்றாக முறுக்கிவிட்டால் பலம் இரட்டிப்பாகிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. இது பெரிய தப்பு. மஞ்சள் ஒயர்தான் 12 வோல்ட். அது 11.4 முதல் 12.6 வரை எங்கே இருந்தாலும் விதிப்படி சரிதான். ஒரு பெட்டி 12.1 தரும், இன்னொன்று 11.9 தரும். சேர்த்துவிட்டால் கூடுதலாகத் தருவதே சுமை முழுவதையும் சுமக்கும். மற்றது சும்மா நிற்கும். சில சமயம் ஒன்றின் மின்சாரம் மற்றதற்குள் பின்னோக்கிப் பாயும்.

'எங்கள் பாங்கு சர்வரில் இரண்டு இருக்கிறதே' என்று குமாஸ்தா நண்பர்கள் கேட்பார்கள். இருக்கிறது. அவை சுமையைப் பங்கிட்டுக்கொள்ளவென்றே செய்யப்பட்டவை. ஒன்றை உருவி எடுத்தாலும் மற்றொன்று தனியே தாங்கும். கடையில் வாங்கும் சாதாரணப் பெட்டிக்கு அந்த வித்தை தெரியாது.

சரியான வழி, சாமான்களைப் பிரித்துக்கொடுப்பது. ஒரு சாமானுக்கு ஒரு பெட்டி. கறுப்பு ஒயர் மட்டும் இரண்டுக்கும் பொதுவாக இருக்க வேண்டும்.

இரண்டாவது பெட்டி தானாக ஓடாது. 24 முள் இணைப்பில் உள்ள பச்சை ஒயர் கறுப்பைத் தொட்டால்தான் விழிக்கும். இதற்காகப் பேப்பர் கிளிப்பை வளைத்துச் செருகும் பழக்கம் இருக்கிறது. பெட்டியைச் சோதிக்க அது போதும். தினசரி ஓட்டத்துக்கு ஆகாது. கம்ப்யூட்டரை அணைத்த பிறகும் இரண்டாவது பெட்டி ஓடிக்கொண்டே இருக்குமே! முதல் பெட்டி எரிந்தால் இரண்டாவதும் எரிய, அணைந்தால் அணைய, 'ரிலே' வைத்த சிறு பலகை ஒன்று கிடைக்கிறது. அதை வாங்குவதே மேல். இப்போது வரும் பல பெட்டிகளில் எல்லா ஒயரும் கறுப்பாகவே இருப்பதால் நிறத்தை நம்பிக் கைவைப்பதும் ஆபத்து.

எதை எதில் மாட்டுவது?

ஹார்டு டிஸ்க்குகளையும் விசிறிகளையும் இரண்டாவது பெட்டிக்குத் தள்ளிவிடுவது சுலபம். டிஸ்க் ஒன்று சுழலத் தொடங்கும்போது 12 வோல்ட்டில் சுமார் 2 ஆம்பியர் இழுக்கும். பல வருடத்துக் கல்யாணப் படங்களை ஆறு டிஸ்க்கில் சேர்த்து வைத்திருப்பவருக்கு அந்த நொடியில் மட்டும் சுமார் 150 வாட். அவருக்கு இது உண்மையிலேயே உபகாரம். ஒரே ஒரு டிஸ்க் உள்ளவருக்கு இதனால் மிச்சமாவது சொற்பம்.

கிராபிக்ஸ் கார்டை இரண்டாவது பெட்டியில் மாட்டினாலோ, மதர்போர்டு வழியாகப் போகும் 75 வாட் முதல் பெட்டியிலிருந்துதான் வரும். ஒரே கார்டில் இரண்டும் சந்திக்கின்றன. இரண்டும் சேர்ந்தே எரிந்து சேர்ந்தே அணைந்தால் பெரும்பாலும் வம்பில்லை. ஒன்று மட்டும் நின்றால் கார்டுக்கோ போர்டுக்கோ கேடு வரலாம். கிரிப்டோ நாணயம் எடுத்தவர்கள் ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு மூன்று பெட்டிகள் வைத்து ஓட்டினார்கள். 54 வாட் மட்டுமே தாங்கும் 'சாட்டா' இணைப்பிலிருந்து கார்டுக்கு மின்சாரம் இழுத்து இணைப்பு உருகிப்போனதும் அங்கேதான். 2022 செப்டம்பரில் ஈத்தரியம் நாணயத்தின் முறை மாறி அந்தத் தொழில் படுத்தபின் பழைய கார்டுகளும் பெட்டிகளும் விலைக்கு வந்தன. இரவு பகலாக ஓடித் தேய்ந்த சரக்கு என்பதை வாங்குகிறவர் மறந்துவிடக்கூடாது.

யு.பி.எஸ்.ஸும் எர்த்தும்

பலரும் கோட்டைவிடுவது இங்கே. ஒரு பெட்டியை யு.பி.எஸ்.ஸிலும் மற்றதைச் சுவர் பிளக்கிலும் செருகினால், கரண்ட் போன நொடியில் ஒன்று ஓடும், ஒன்று சாகும். டிஸ்க் எழுதிக்கொண்டிருந்தால் பைல் போச்சு. இரண்டும் ஒரே யு.பி.எஸ்.ஸில்தான் இருக்க வேண்டும். வீட்டில் வைக்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ். ஏறக்குறைய 360 வாட்தான் தாங்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

பழைய சால் வீடுகளில் பிளக்கின் மூன்றாவது துளையில் எர்த் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. எர்த் இல்லாவிட்டால் கம்ப்யூட்டரின் இரும்புக் கூட்டைத் தொட்டதும் 'சுரீர்' என்று இழுக்கும். இரண்டு பெட்டிகள் என்றால் கசிவும் இரண்டு பங்கு. எலெக்ட்ரீஷியனை அழைத்து முதலில் அதைப் பார்த்துவிடுவது நல்லது. பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கும்.

ரிலே பலகை, எர்த் வேலை, பெரிய யு.பி.எஸ். என்று கூட்டிப் பார்த்தால், கார்டுக்காக இரண்டாவது பெட்டியைத் தேடுகிறவருக்குப் பெரும்பாலும் நல்ல பெட்டி ஒன்றே மலிவாக முடியும். பழையதை எடுத்துக்கொண்டு விலையில் கொஞ்சம் தள்ளிக் கொடுக்கும் கடைக்காரர்களும் உண்டு. இரண்டு கடை ஏறிக் கேட்டுப் பார்க்கலாம்.